பச்சை சொன்ன வெற்றி

வெள்ளத்தில் பிரிந்துபோனவர்களின் பெயர்களைக் காத்துவந்த ஒரு தரவுத்தளத்தில், அக்காவும் தங்கையுமாக இரண்டு அறிவிப்புகள் வாழ்ந்தன. ஆபத்து வருமுன் குரல் கொடுப்பவள் அக்கா மஞ்சள். வேலை முடிந்ததும் "வெற்றி" என்று சொல்பவள் தங்கை பச்சை.

மஞ்சள் தொட்டதற்கெல்லாம் எச்சரித்தாள். நிவாரண முகாமில் கணினியைப் பார்த்துக்கொண்ட ஜெசிந்தாவுக்கு அலுத்துப்போனது. "சும்மா நச்சரிக்குது" என்று ஒரு கட்டளையில் மஞ்சளின் வாயை அடைத்துவிட்டாள். இனி ஜெசிந்தா என் முகத்தை மட்டும்தான் பார்ப்பாள் என்று பச்சைக்கு உள்ளூரப் பூரிப்பு.

மறுநாள், சோதனைக்கு வைத்திருந்த அட்டவணையை அழிக்க நினைத்த ஜெசிந்தா, அசதியில் உண்மையான அட்டவணையின் பெயரைத் தட்டிவிட்டாள்.

மஞ்சள் துடித்தாள். "என் குரல் வெளியே போகாதுடி. நீயாவது சொல்லேன்!"

"வேலை முடிஞ்ச பிறகுதானே அக்கா எனக்குப் பேச்சே வரும்?" என்று அழுதாள் பச்சை.

பெயர்கள் எல்லாம் போயின. "வெற்றி, அழிக்கப்பட்டது" என்றாள் பச்சை. அதைப் பார்த்து ஜெசிந்தா நிம்மதியாகச் சிரித்தாள்.

சற்று நேரத்தில் மகளைத் தேடி ஒரு பெரியவர் வந்தார். ஜெசிந்தா தேடினாள், மறுபடியும் தேடினாள். பிறகு மஞ்சளின் வாயைத் திறந்துவிட்டாள். மஞ்சளுக்குச் சொல்ல இப்போது எதுவும் இல்லை.

"மகள் பேரைச் சொல்லுங்கய்யா, பதிஞ்சுக்கிறேன்" என்றாள் ஜெசிந்தா.

"போன வாரமே சொன்னேனேம்மா. கிடைச்சுட்டாளான்னு கேட்கத்தான் வந்தேன்."

அவர் மறுபடியும் சொன்னார். பெயர் பதிந்தது. பச்சை சொல்லித்தான் ஆகவேண்டும்.

"வெற்றி" என்றாள்.