அளவு எடுக்கிற நாள்

"இவங்க வேணும்னேதான் பண்றாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான் காலேஜ். கையில் ஸ்டாப் வாட்ச். எதிரே டேபிள் ஃபேன் பூட்டும் வரிசை ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

காலேஜ் என்பது பட்டப்பெயர். வார நாட்களில் சூப்பர்வைசர், சனிக்கிழமையானால் பையைத் தூக்கிக்கொண்டு உற்பத்திப் பொறியியலும் நிர்வாகமும் படிக்க ஓடுகிற ஆளை, அதுவும் ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனை, ஃபேக்டரியில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் ஒரே மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். மகள் முதலில் முடித்துவிடுவாள்.

இப்போது கடைசி ப்ராஜெக்ட். ஸ்க்ரூ டப்பாக்கள் எல்லாம் தொழிலாளர்களின் முதுகுக்குப் பின்னால் ரேக்கில் இருக்கின்றன. அவற்றைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று காட்ட வேண்டும். மாற்றத்துக்கு முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் அளவு எடுக்க வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரியாவிட்டால் மறுபடி ஒரு வருஷம் வந்து உட்கார வேண்டியதுதான் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் அவரைவிடக் கறார். "படி, வேண்டாங்கல. ஆனா உன் அளவெடுப்பால ப்ரொடக்‌ஷன் குறைஞ்சுதுன்னா அன்னியோட அனுமதி கட்."

முதல் அளவு இன்றைக்கு. நேற்றுவரை ஏப்ரன் பையில் ஸ்க்ரூவை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தவர்கள், இன்று ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் சாவகாசமாகத் திரும்பி, ரேக்கில் கைவிட்டு, ஒன்றே ஒன்றை எடுத்துவருகிறார்கள்.

லைன் லீடரிடம் போனான். எல்லோருக்கும் அவள் அக்கா. சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் அவனும் அவள் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ முடுக்கியவன்தான்.

"என்னக்கா இது, இப்படி இழுக்கிறீங்க?"

"எப்படி இழுக்கிறோம்?"

"பையில ஸ்க்ரூ போட்டுக்கலையா?"

"பையில போடக் கூடாதுன்னு சுவத்துல போர்டு இருக்கே. நீதானே மாட்டினே."

பக்கத்தில் ஃபேனுக்கு வலை மாட்டிக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "தள்ளி நின்னு அளப்பா காலேஜ். நீ நின்னா காத்தே வரல."

அவனுக்குச் சுருக்கென்றது. போன வாரம் டீ நேரத்தில் இதே ஆள்தான், "இவன் இன்னிக்கு நேரத்தைக் குறைப்பான், நாளைக்கு ஆளைக் குறைப்பாங்க" என்று கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அக்கா உட்பட. ஆள் குறைந்துவிடும் என்ற பயத்தில்தான் இப்போது பழி தீர்க்கிறார்கள் என்று முடிவுகட்டினான்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா இது, காலையிலேர்ந்து வழக்கமா வர்றதுல பாதி ஃபேன்கூட வெளியே வரல. நீ பாஸாக நான் மேலிடத்துல திட்டு வாங்கணுமா?"

அனுமதி போனால் ப்ராஜெக்ட் போச்சு. ப்ராஜெக்ட் போனால் வருஷம் போச்சு. இன்னும் ஒரே வருஷம்தான் என்று அவன் வீட்டில் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"என்னால இல்ல சார். அவங்கதான் வேணும்னே மெதுவாப் பண்றாங்க."

"யாரு தூண்டிவிடறது?"

தயங்கினான். ரொம்ப நேரமில்லை.

"அக்காதான் சார்."

"அப்படியா சேதி. நாளையிலேர்ந்து அந்தம்மாவுக்கு லைன் லீடர் பொறுப்பு கிடையாது. பேக்கிங்ல போய் அட்டைப்பெட்டி ஒட்டட்டும். நீ போ, உன் அனுமதி இருக்கு."

வெளியே வந்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டே இருந்தான். மனசு ஒப்பவில்லை.

ஷிஃப்ட் முடிந்து மணி அடித்தது. ஏப்ரனை மடித்தபடி அக்கா அவனைத் தேடி வந்தாள்.

"அளந்து முடிச்சாச்சா?"

"ம்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"திரும்பித் திரும்பி எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. நாளைக்கு டப்பாவையெல்லாம் முன்னாடி வெச்சிடு. நாங்க பழையபடி பறந்துடறோம். உங்க வாத்தியார் கேட்ட வித்தியாசம் நல்லாவே தெரியும்."

காலேஜ் நிமிர்ந்தான்.

"என்ன முழிக்கிறே? பையில போட்டுக்கிட்டு நாங்க ஏற்கெனவே வேகமாத்தானே பண்றோம். இன்னிக்கும் அப்படியே பண்ணியிருந்தா, டப்பாவை மாத்தி நீ எதைக் குறைச்சுக் காட்டுவே? வித்தியாசம் தெரியலேன்னா ஃபெயிலுன்னு டீ குடிக்கிறப்ப அன்னிக்குப் புலம்பினியே. அதான் எல்லாருமாப் பேசி வெச்சுக்கிட்டோம். உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும்."

"அக்கா..." என்றான்.

அவன் நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்துக்கொண்ட அக்கா, மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஃபேன் ஏன் குறைஞ்சுதுன்னு அவரு கேட்டா, நீ போய் மாட்டிக்காதே. அக்காதான் பண்ணினாங்கன்னு எம்பேரைச் சொல்லிடு."