முந்நூறு மீட்டர் வட்டம்

“ஆள் முந்நூறு மீட்டர் வட்டத்தைத் தாண்டினா அந்த நிமிஷமே எனக்குத் தெரியணும். அவருக்கு மட்டும் தெரியவே கூடாது. என் புரோகிராம்ல எங்க தப்புன்னு யாராவது சொல்லுங்களேன், ப்ளீஸ்!”

புரோகிராமிங் கற்றுக்கொள்கிறவர்கள் சந்தேகம் கேட்கும் இணையக் குழுவில் அன்று காலை வந்திருந்த கேள்வி அது. கேட்டவரின் புனைபெயர் ‘கத்துக்குட்டி’. படித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் குழுவில் ‘பெருச்சாளி’ என்று பெயர். முப்பது வருடம் புரோகிராம் எழுதிப் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர். வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, புதியவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

கத்துக்குட்டிக்கு இரண்டு மாதமாக அவர்தான் வாத்தியார். ஒரு போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு இடங்களுக்கு நடுவே தூரம் கணக்கிடுவது எப்படி? திரையில் எதுவும் காட்டாமல் புரோகிராமை ஓட விடுவது எப்படி? ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் தனித்தனியாக வந்த கேள்வி. ஏதோ கூரியர் கம்பெனிப் பிள்ளை போலிருக்கிறது என்று அவரும் வாரி வழங்கியிருந்தார்.

போன வாரம்தான் பொறுமையிழந்து, “துண்டு துண்டா காட்டினா நான் என்ன ஜோசியமா பாக்கிறது? முழுசையும் போடு!” என்று எரிந்து விழுந்திருந்தார். சொன்னபடியே இன்று முழுவதையும் போட்டிருந்தது கத்துக்குட்டி. தொழில் தெரிந்தவன் நம்பரை, பாஸ்வேர்டையெல்லாம் அழித்துவிட்டுத்தான் பொதுவில் வைப்பான். இது அப்படியே தூக்கி வைத்திருந்தது.

பதினேழாவது வரியில், கண்காணிக்க வேண்டிய போன் நம்பர். பெருச்சாளி படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அது அவருடைய நம்பர்.

வட்டத்தின் நடுப்புள்ளி எது என்று வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். அவர் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடி திரையில் வந்து நின்றது.

அடப்பாவி! அவரை வேவு பார்ப்பதற்கு அவரிடமே பாடம் கேட்டிருக்கிறான். அவரும் மாங்கு மாங்கென்று சொல்லிக்கொடுத்து, ‘சபாஷ், தேறிடுவே’ என்று முதுகில் வேறு தட்டியிருக்கிறார்.

ஆள் யாரென்று துப்பு கிடைக்குமா என்று பழைய கேள்விகளைப் புரட்டினார். அங்கே இன்னொரு இடி. ஒரே கேள்விக்கு அவர் பெயரில் இரண்டு பதில்கள், ஒரு நாள் இடைவெளியில். இரண்டாவதை எழுதிய நினைவே அவருக்கு இல்லை. அப்படியென்றால் அவருடைய கணக்குக்குள்ளும் புகுந்துவிட்டான்!

ஓடிப்போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் திரைகளை இழுத்து விட்டார். கடைக்குப் போயிருக்கும் மனைவியை எச்சரிக்கலாம் என்று போனை எடுத்தவர், அவன் இதிலேயே காதை வைத்திருந்தால் என்ன செய்வது என்று பயந்து, அதை அணைத்து பிரிட்ஜுக்குள் வைத்து மூடினார்.

இனி நேருக்கு நேர்தான். கம்ப்யூட்டருக்குத் திரும்பி, கத்துக்குட்டிக்குத் தனிச்செய்தி அனுப்பினார்: “நீ யாருன்னு எனக்குத் தெரியும்டா. இப்பவே போலீசுக்குப் போறேன்.”

பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“எங்கயும் போகாதீங்க. வீட்டுலயே இருங்க. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்.”

பெருச்சாளி ஆயுதம் தேடினார். கையில் அகப்பட்டது விளக்குமாறு. அதைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம் ஏறி வந்தது. கதவு அதிர்ந்தது.

“ஏங்க! நான்தாங்க, கதவத் திறங்க!”

மனைவி. போன உயிர் திரும்பி வந்தது. கதவை ஒரு சாண் திறந்து அவளை உள்ளே இழுத்துப்போட்டுத் தாழிட்டார். “பின்னாடி எவனாவது வர்றானா? எவனோ கத்துக்குட்டியாம், என்னை வேவு பாக்கிறான்!”

மூச்சு வாங்க நின்றவள் அவர் கையிலிருந்த விளக்குமாற்றை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள். “யாரும் வரலை. அந்தக் கத்துக்குட்டி நான்தாங்க.”

“நீயா? போன்ல அலாரம் வைக்கவே என்னைக் கூப்பிடுவியே!”

“அதான் உங்ககிட்டயே கத்துக்கிட்டேன். ரெடிமேடா கிடைக்கிற டிராக்கிங் ஆப் எதையாவது உங்க போன்ல போட்டா, ‘எவன்டா என் போன்ல கை வச்சது’ன்னு அன்னைக்கே அழிச்சுடறீங்க. நேர்ல சொன்னா மனசு உடைஞ்சு போயிடுவீங்க. நான் வேற என்னதான் பண்றது?”

அவருக்குக் கோபம் பொங்கியது. “கட்டின புருஷன் மேல சந்தேகமா உனக்கு?”

“ஐயோ, சந்தேகமில்லங்க, பயம்!” அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏழெட்டுத் தெரு தள்ளி, ஒவ்வொரு கதவாத் தட்டி ‘இது என் வீடா’ன்னு கேட்டுக்கிட்டு நின்னீங்க. மூணு மணி நேரம். நான் எழுதினது வேலை செய்யலை, என் போன் ஒரு தடவகூட அடிக்கலை. தெருத்தெருவா தேடி அலைஞ்சு கூட்டிட்டு வந்தேன்.”

பெருச்சாளி சிரிக்க முயன்றார். “நானா? உளறாத. எப்போ நடந்துச்சு இது?”

“நேத்துதாங்க.”