அடியில் கிடந்த பீக்கன்

கிறிஸ்துமஸ் விருந்துக்காக எமல்டா சாக்லேட் பீக்கன் 'பை' என்ற இனிப்புப் பண்டத்தைச் சுட்டாள். மாவு விரித்த தட்டுக்குள் அடியில் பீக்கன் பருப்புகளைப் பரப்பி, அவை மூழ்கும்படி சாக்லேட் கலவையை ஊற்றினாள்.

"இனி உங்களை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றது சாக்லேட். அடுப்புக்குள் போன பிறகும் அதன் வாய் ஓயவில்லை.

சூடு ஏற ஏற, கலவை பொங்கியது. பருப்புகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. வெளியே எடுத்தபோது மேலெல்லாம் பொன்னிறப் பீக்கன்கள்.

"என்ன அழகாக அடுக்கியிருக்கிறாய்," என்றார் மாமியார்.

"நான் அடுக்கவே இல்லை அத்தை. அடியில்தான் போட்டேன்."

பருப்பு ஒன்று சாக்லேட்டிடம் மெல்லக் கேட்டது: "எங்களைத் தூக்கிவிட்டது நீதான் என்று சொல்லிவிடட்டுமா?"