சொத்தை இல்லாத குடும்பம்

மகன், மகள், மனைவி எல்லாரும் பல் பார்த்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கிய பிறகு, கடைசியாக அப்பாக்காரர் அதில் சாய்ந்தார். பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை விட்டு மூலை முடுக்கெல்லாம் தேடினார். நான்கு பேர் வாயிலும் ஒரு சொத்தை கூடக் கிடையாது.

"எப்படி சார் இது?"

"ராத்திரி பல் விளக்காம யாரும் படுக்கக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வந்துடணும். இனிப்பு வாசப்படி தாண்டக் கூடாது."

"அது வீடு இல்ல டாக்டர், ஹாஸ்டல். இவர்தான் வார்டன்," என்றாள் மனைவி.

டாக்டருக்கு ஆசை வந்தது. பக்கத்துப் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை. அவர் எடுத்துச் சொன்னால், ஃபீஸுக்கு அடிபோடுகிறார் என்று பெற்றோர் சிரிக்கிறார்கள். ஒரு அப்பா சொன்னால் கேட்பார்கள்.

"சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல நீங்க பேசணும் சார்."

"எனக்குப் பேச வராது."

"இப்ப சொன்னதையே சொல்லுங்க."

"வேற ஆளைப் பாருங்க டாக்டர்." அப்பாக்காரர் செருப்பை மாட்டினார்.

"ஊர்ப் பிள்ளைங்க எக்கேடு கெட்டா என்னன்னு இருக்கீங்களே," என்று குறைபட்டபடி டாக்டர் கதவைத் திறந்தார். வெளியே வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள், ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்தபடி. அப்பாக்காரரைப் பார்த்ததும் ஒரு சிறுமி வலியை மறந்து எழுந்தாள்.

"அம்மா, நம்ம ஸ்கூல் வாசல் மிட்டாய்க் கடை மாமா."

டாக்டர் மெல்லத் திரும்பினார்.

அப்பாக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எல்லா அப்பாவும் என்னை மாதிரி ஆயிட்டா, நம்ம ரெண்டு பேருக்கும் பொழப்பு ஏது டாக்டர்?"