ஜன்னலில் ஒட்டிய படம்

"நீங்களே பாருங்க முதலாளி! படத்தைத் திருப்பி ஒட்டியிருக்கான். எழுத்தெல்லாம் கண்ணாடியில பாத்த மாதிரி கெடக்கு. இவனுக்குப் படம் பாக்கத் தெரியும்னு நம்பறீங்களா?"

காஜா பெராங் ஊரிலிருந்த இரும்புப் பட்டறையின் ஜன்னலைக் காட்டினார், மெஷின் உறுப்புகளுக்குப் படம் வரையும் மாணிக்கவாசகம். ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் அவர் வரைந்த படம், முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஃபிட்டர்கள் பக்கம் வராத அவர் கண்ணில் இன்றுதான் அது பட்டிருந்தது. ஒட்டிய ஃபிட்டர் சேதுபதி, தலையைக் குனிந்து அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுதந்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம். பழைய துரை பட்டறையை விற்றுவிட்டுக் கப்பலேறியாயிற்று. வாங்கிய ஷரீஃபுதீன் துணி வியாபாரி, கோடுகளைக் கண்டாலே அவருக்குத் தலை சுற்றும்.

"எனக்குப் படமெல்லாம் புரியாது. இனிமே எந்தச் சாமானையும் மொதல்ல மரக்கட்டையில மாதிரி செஞ்சு காட்டணும். மாதிரி இருந்தா புது ஆளுகூட பாத்துச் செஞ்சிருவான். உங்க ரெண்டு பேருல ஒருத்தர் போதும்" என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு வருடமாகக் கோடு போட்டே மூன்று பெண்களை வளர்த்தவர் மாணிக்கவாசகம். சேதுபதிக்கும் குடும்பம் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்.

"மாதிரியை நானே செய்றேன், முதலாளி" என்றார்.

ஷரீஃபுதீன் திருப்பி ஒட்டிய படத்தை ஒருமுறை பார்த்தார். "அப்ப நீ நாளையிலேருந்து வர வேணாம், சேதுபதி."

சேதுபதி ஜன்னலருகே போனார். தாளைக் கிழியாமல் உரித்துச் சுருட்டி, பையில் வைத்துக்கொண்டு போனார். மாணிக்கவாசகத்துக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது.

வீட்டில் இருந்த பிரதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் கட்டையைச் செதுக்கினார். ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினின் கைப்பிடியைத் தாங்குகிற தாங்கி அது, ஒரு பக்கமாகக் கை நீண்டிருக்கும். தாளில் தட்டையாகக் கிடந்ததற்குக் கட்டையில் முதுகும் விலாவும் முளைத்தன. ஒவ்வொரு மூலையிலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

நான்காம் நாள் அதை மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. மாதிரியின் கை இடப்பக்கம் நீண்டது. புரட்டிப் போட்டால் திருகுத் துளைகள் ஒத்துவரவில்லை.

"என்னய்யா இது?" என்றார் ஷரீஃபுதீன்.

"படத்துல இருக்கிறபடியேதான் செஞ்சேன், முதலாளி."

"இதே படத்த வெச்சுத்தானே இருநூறு மெஷின் செஞ்சு தோட்டங்களுக்கு அனுப்பியிருக்காங்க? அதெல்லாம் எப்படி ஓடுது? நாளைக்கு எஸ்டேட் ஆளுங்க வர்றாங்க, என் மானம் போயிரும்."

மாணிக்கவாசகம் சைக்கிளை எடுத்தார்.

சேதுபதி வீட்டு வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சேதுபதி, என் படத்தை வெச்சுக் கட்டையில செஞ்சேன், பொருந்தலப்பா. நீ மட்டும் எப்படிச் செஞ்சே?"

சேதுபதி உள்ளே போய் அந்தச் சுருட்டிய தாளைக் கொண்டுவந்தார். முதுகுப்பக்கம் தெரிய வெயிலுக்கு நேரே பிடித்தார். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. தாங்கியின் கை மட்டும் ஒழுங்காக வலப்பக்கம் நீண்டிருந்தது.

மாணிக்கவாசகத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மெஷினின் பின்னால் நின்று பார்த்து வரைந்த படம் அது. முன்பக்கம் போய் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

"மொத நாளே உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?"

சேதுபதி தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"நேரா ஒட்டியிருந்தா, அன்னிக்கே தொரை உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு, ஐயா."