பந்தலுக்கடியில்

அவர் குலையின் நுனியிலிருந்தே பறிக்கிறார்.

முதல் பழம். இரண்டாவது. மூன்றாவதும் நுனியில்தான்.

திராட்சையில் நுனிப்பழம் கடைசியில்தான் இனிக்கும். காம்பருகே இருப்பது முதலில் பழுக்கும். ஒயின் ஆலையின் பரிசோதகருக்கு இது தெரியாமலா இருக்கும்?

“என்ன தம்பி, அடியிலயே நோண்டுறீக. மேல எட்டலையா?” என்றாள் தோட்டக்காரி.

அவர் சிரித்தார். காம்பருகிலிருந்து ஒன்றைப் பறித்தார். இனிப்பு அளக்கும் கருவியின் கண்ணாடியில் சாற்றைப் பிழிந்து, மூடியை அழுத்தி, இலை இடுக்கின் வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்தார்.

“பதினஞ்சுதான்க்கா.”

பதினெட்டு வந்தால்தான் ஆலை எடுக்கும்.

அந்த எண்ணை அவர் மட்டும்தான் பார்க்கிறார். அவள் கருவியை வாங்கிப் பார்த்தாள். நீலமும் வெள்ளையும் பதினைந்தில் பிரிந்தன.

கருவியில் கோளாறு இருக்கலாம். வெறும் தண்ணீரை விட்டுக் காட்டச் சொன்னாள்.

பூஜ்ஜியம்.

“என்னைய நம்பவே மாட்டீங்களாக்கா?”

“நம்புறதுக்கு நீங்க என்ன என் கொழுந்தனா?”

இந்த மாதிரிப் பேச்சுக்கு முதல் ஆளாகச் சிரிப்பவன், பக்கத்தில் நின்ற அவள் கணவன். இன்று சிரிக்கவில்லை.

பரிசோதகர் ஒரு பழத்தை விரலால் அமுக்கினார்.

“ஊதுன மாதிரி இருக்கே. தண்ணி எப்பண்ணே நிறுத்துனீங்க?”

“பத்து நாளாச்சு,” என்றான் கணவன், கேள்வி முடியுமுன்.

அன்று தண்ணீர் வால்வை மூடியது அவள்தான். மூடிய கையோடு மகளின் பிரசவத்துக்குப் போடிக்குப் போனவள், நேற்றுதான் திரும்பினாள்.

இனிப்பு குறைந்தால் ஆலை ஒரு வாரம் தவணை கொடுக்கும். எடை கூட்டத் தண்ணீர் விட்டது தெரிந்தால் பட்டியலில் பெயரை அடித்துவிடும். அடித்த பெயரை மறுபடி சேர்ப்பதில்லை. போன வருடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயர் அப்படித்தான் போயிற்று.

பந்தலுக்கடியில் யாரும் கீழே பார்ப்பதில்லை.

அவள் பார்த்தாள்.

கொடியின் தூரைச் சுற்றி மண் கறுத்துக் குழைந்திருந்தது. அடுத்த தூரிலும். அதற்கடுத்ததிலும்.

கணவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

இடுப்பில் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, ஈரத்தை மறைத்து அதன் மேல் ஏறி நின்றாள்.

“தம்பி, அந்தா மேல தொங்குது பாருங்க, அந்தக் குலை. அது நல்லா பழுத்திருக்கு.”

அவர் அண்ணாந்தார்.

“அங்க இல்ல. இன்னும் மேல.”

தோட்டத்து வாசலுக்கு இன்னும் ஒன்பது வரிசை இருந்தது.