முன்பல்

துறைமுகத்து வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே பல் டாக்டர் அருளம்பலத்தின் சாய்கதிரையில் விழுகிறது. அதில் பதினெட்டு வயது ஸுல்பிகா சாய்ந்திருக்கிறாள். மேல்வரிசையின் நடுப்பல் வேரோடு பழுதாகியிருக்கிறது. "காப்பாத்தலாம் அம்மா. எனக்குக் கூலி வேண்டாம். ஆனா நாலு தரம் வரவேணும், கொழும்பில இருந்து எடுக்கிற மருந்துக்கே ஒரு மாசச் சம்பளம், நூறு ரூபா முடியும்," என்கிறார் டாக்டர். பக்கத்தில் நிற்கும் தாய் ஆமினா உம்மா சேலைத் தலைப்பின் காசு முடிச்சைத் திருகுகிறாள். "கழட்டினா?" "அதுக்குச் செலவில்லை." வெளியே ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது. அது ஓயும்வரை அவள் முடிச்சை அவிழ்த்து உள்ளே இருக்கும் காசை எண்ணுகிறாள். பிறகு, "கிண்ணியாவிலேருந்து தோணி ஏறி நாலு தரம் வரவும் ஏலாது, அவ்வளவு காசுக்கு வழியும் இல்ல. கழட்டிருங்க டாக்டர்," என்கிறாள். தாயின் குரல் உடைவதைக் கேட்டு மகள் நிமிர்கிறாள். "விடுங்க உம்மா, இனி விசிலடிக்க லேசு. மாப்பிள்ளைய விசிலடிச்சே கூப்பிடுவன்," என்று வாய்நிறையச் சிரிக்கிறாள். உதட்டுக்குள் ஏதோ ஓதியபடி, உம்மா இனி முழுசாய்க் காணமுடியாத அந்தச் சிரிப்பை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல் பிடுங்கும் குறட்டை எடுக்க நீண்ட டாக்டரின் கை பின்வாங்குகிறது. ஏற்கெனவே கழுவித் துடைத்த கைகளை அவர் மறுபடியும், மிக மெதுவாக, கழுவத் தொடங்குகிறார்.